பழைய டிராக்டர், லாரி ரேடியேட்டர்: கழுவுவதும் ஒழுகலை அடைப்பதும்

பழைய டிராக்டரோ லாரியோ சூடேறினால் முதல் பழி ரேடியேட்டர் மேல்தான் விழும். பல நேரம் அது நியாயமும்தான். ஆனால் ரேடியேட்டரைக் கழற்றி, டார்ச் கொளுத்தி, ஈயம் உருக்குவது கடைசியில் வரவேண்டிய வேலை. முதலில் வெளியே இருக்கும் தூசி, அடுத்து உள்ளே இருக்கும் படிவு, அதன் பிறகுதான் ஒழுகல். இப்படி வரிசையாகப் போனால் பல வண்டிகளில் டார்ச்சைத் தொடவே வேண்டியிருக்காது. வரிசையை மாற்றினால், சும்மா இருந்த பக்கத்து இணைப்பும் சூட்டில் விட்டுக்கொண்டு வேலை இரண்டாகிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு மட்டும். தண்ணீர் ஓடும் தட்டையான பித்தளை டியூப்கள், அவற்றோடு ஒட்டிய மெல்லிய செம்பு ஃபின்கள் (இவை இரண்டும் சேர்ந்ததுதான் கோர்), இரு முனையிலும் டியூப்களைப் பிடித்திருக்கும் ஹெடர் தகடு, அதன் மேல் கவிழ்த்த டேங்க். இத்தனையும் ஈயமும் தகரமும் கலந்த சால்டரால் பற்றவைத்தவை. அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் கொண்ட பிந்தைய வகைக்கு இந்த முறை ஆகாது. எது என்று தெரியாவிட்டால் டேங்க் ஓரத்தில் கொஞ்சம் பெயிண்டைச் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பாக இருக்கும். பழைய ஜான் டியர், ஃபார்மால் டிராக்டர்கள் சிலவற்றில் டேங்குகள் வார்ப்பிரும்பு. கோரோடு கேஸ்கெட் வைத்து போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அவற்றுக்கு டேங்கை எடுக்க டார்ச் வேண்டாம், ஆனால் துருப்பிடித்த போல்ட்டை முறிக்காமல் எடுக்கப் பொறுமை வேண்டும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறங்கள். கை வைத்துப் பொறுக்கும் சூட்டுக்கு மேல் டேங்க் இருந்தால் திறக்கவே கூடாது. அழுத்தம் உள்ள மூடியில் ஒவ்வொரு 1 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) கூடும்போதும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி சென்டிகிரேட் உயர்கிறது. 7 பிஎஸ்ஐ மூடிக்குக் கீழே தண்ணீர் 110 டிகிரியிலும் கொதிக்காமல் கிடக்கும். மூடியைத் திறந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, சுடுதண்ணீரோடு முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திருகுவது கையைக் காப்பாற்றலாம், முகத்தைக் காப்பாற்றாது.

எப்போது சூடேறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். லாரி நிற்கும்போது சூடாகி ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை. பெல்ட், ஃபேன், ஃபேனைச் சுற்றியுள்ள கூடான ஷ்ரவுட் மூன்றையும் பாருங்கள். சும்மா ஓடும்போது சரியாக இருந்து சுமை ஏறினால் மட்டும் சூடானால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அந்த அடைப்பு வெளியிலா உள்ளேயா என்பதைச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்போது மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் சூட்டை அளந்தே சொல்லிவிடலாம். சரியான ரேடியேட்டரில் வித்தியாசம் சுமார் 5 முதல் 10 டிகிரி. இன்ஜின் கொதிக்கிறது, ஆனால் இரண்டு ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை எடுக்கவில்லை. ஃபின் பக்கம் போங்கள். கீழ் ஹோஸ் 20 டிகிரிக்கும் மேல் குறைவாக இருந்தால் தண்ணீர் மெதுவாக நகர்கிறது. டியூப் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட் இவற்றில் ஒன்று. லேசர் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் பித்தளை மேல் காட்டினால் சூட்டைக் குறைத்துக் காட்டும். ரப்பர் ஹோஸ் மேலோ கறுப்புப் பெயிண்ட் மேலோ காட்டுங்கள்.

ஃபேன் பெல்ட்டை இரு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. வரை அமுங்கலாம். அதற்கு மேல் தொய்வு இருந்தால் வழுக்கும். ஃபேனை யாராவது கழற்றி மாட்டியிருந்தால் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திருப்பி மாட்டிய ஃபேன் காற்றை எதிர்த் திசையில் தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது, அதே திசையில்தான் இழுக்கும், ஆனால் இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் கையை வைத்துக் காற்றுத் திசையைப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தவறு பிடிபடுவதில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, கம்பியில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்த டிகிரிக்கு ஓரிரண்டு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும். பழுதானதை எடுத்துப்போட்டுவிட்டு வெறுமனே ஓட்டுவது கெட்ட பழக்கம். இன்ஜின் சூடேறாமல் ஓடினால் ஆயிலில் தண்ணீரும் கசடும் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும் வேலையையும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, முன்னைவிட அதிகமாகச் சூடாகும்.

ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க, ஆறிய இன்ஜினில் பெல்ட்டைக் கழற்றி, தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியில்லாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். பம்ப் சுற்றாதபோதும் விடாமல் குமிழ் வந்தால் அது சிலிண்டரிலிருந்து கசியும் எரிந்த வாயு. அதற்கு ரேடியேட்டரில் மருந்தில்லை.

வாட்டர் பம்பே இல்லாத டிராக்டர்களும் உண்டு. ஃபார்மால் கப் ஓர் உதாரணம். சூடான தண்ணீர் தானாக மேலேறி, ஆறியது கீழிறங்கும் சுற்று அது. தண்ணீர் மட்டம் மேல் ஹோஸ் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்று அறுந்து இன்ஜின் கொதிக்கும். இந்த வகையில் உள்ளே கொஞ்சம் படிவு இருந்தாலும் தெரியும். தண்ணீரைத் தள்ள அங்கே ஆள் இல்லை.

வெளிப்பக்கம்

வயலில் ஓடும் வண்டிக்குப் பாதிப் பிரச்சினை இங்கேதான். உமி, சருகு, பூச்சி, அதன் மேல் இன்ஜின் பிரீதரிலிருந்து (இன்ஜினின் புகைபோக்கும் துவாரம்) வரும் எண்ணெய்ப் புகை, அதில் ஒட்டிய மண். முன்னால் பார்த்தால் கோர் சுத்தமாகவே தெரியும். கோர் நான்கு வரிசை டியூப் கனம் இருந்தால் அழுக்கு நடுவில் கெட்டித்து நிற்கும். பின்னால் ஒரு விளக்கை வைத்து முன்னிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் காற்றும் வராது. முன்னால் ஆயில் கூலர் இருந்தால் அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்துதான் குப்பைக் கிடங்கு. கூலரைத் தளர்த்தி நகர்த்தாமல் அது சுத்தமாகாது.

ஃபேன் காற்றை முன்னிருந்து பின்னுக்கு இழுக்கிறது. எனவே கழுவுவது பின்னிருந்து முன்னுக்கு, அதாவது இன்ஜின் பக்கத்திலிருந்து. முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். முதலில் காய்ந்த நிலையில் காற்று, 30 பிஎஸ்ஐ-க்கு மிகாமல். ஈரமான உமி காய்ந்த உமியைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் எடுத்தவுடன் தண்ணீர் அடிக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டிகிரீசரோ சோப்புக் கரைசலோ தெளித்து 15 நிமிடம் ஊறவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஃபின்னுக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஃபின் மடங்கும். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் ஒரே இழுப்பில் ஒரு சாண் அகலத்துக்கு ஃபின் படுத்துவிடும்.

மடங்கிய ஃபின்னை ஃபின் சீப்பாலோ மெல்லிய தட்டை முனைக் கருவியாலோ நிமிர்த்துங்கள். டியூப் சுவர் 0.15 மி.மீ. அளவுதான், முனை வழுக்கினால் ஓட்டைதான். நிமிர்த்தும்போதே ஃபின்னை விரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சைக் களிம்பாகி மாவு போல உதிர்ந்தால், அல்லது டியூபிலிருந்து விட்டுத் தளதளவென ஆடினால், அந்தக் கோருக்கு ஆயுள் முடிந்தது. டியூப் ஒழுகாமல் இருந்தாலும் சூட்டை வெளியேற்ற வழியில்லை. அதற்கு மேல் செலவழிக்கும் ஈயமும் நேரமும் வீண். புதுக் கோர் போடுவதே வழி.

உள்பக்கம்

உள்ளே மூன்று விதமான அடைப்பு உண்டு: எண்ணெய், துரு, சுண்ணாம்பு. எண்ணெயைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எண்ணெய்ப் படலத்தின் மேல் ஆசிட் வேலை செய்யாது. பலர் ஆசிட் போட்டும் பலனில்லை என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

தண்ணீரை வடித்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டிரெயின் காக்கைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால், சேறு அடைத்திருக்கும், கம்பியால் குத்துங்கள். எண்ணெய் மிதந்தால் 10 லிட்டர் சுடுதண்ணீருக்கு 250 கிராம் சலவைச் சோடாவும் நுரை அதிகம் வராத டிடர்ஜென்ட் கொஞ்சமும் கலந்து நிரப்பி, இன்ஜினை அரைமணி நேரம் சூட்டில் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடியுங்கள். எண்ணெய் நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். இன்ஜின் ஹெட்டோ பம்ப் பாடியோ அலுமினியமாக இருந்தால் சோடாவை விட்டு டிடர்ஜென்ட் மட்டும் போதும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். கீழ் டேங்குக்குள் ஆயில் கூலர் இருக்கும் வண்டிகளில் அதுவே ஓட்டையாகி இருக்கலாம்.

துருவுக்கும் சுண்ணாம்புக்கும் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு. 10 லிட்டருக்கு 500 கிராம். தண்ணீர் 60 முதல் 80 டிகிரிக்குள் இருக்கும்படி 30 நிமிடம் ஓட்டினால் போதும். வடிகிற தண்ணீர் காபி நிறத்தில் வரும். முதல் முறை கன்னங்கரேலென வந்தால் இன்னொரு முறை புதுக் கரைசல் போடுங்கள். ஆனால் ஒரே கரைசலை இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். படிவு தீர்ந்த பிறகு ஆசிட் சால்டரையும் வார்ப்பிரும்பையும் தின்னத் தொடங்கும். பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்பை வேகமாகக் கரைக்கும் என்பது உண்மை. அதே வேகத்தில் பித்தளையிலிருந்து துத்தநாகத்தையும் உருவிவிடும். டியூப் பார்வைக்குப் பித்தளையாகவே இருக்கும், ஆனால் பஞ்சு போல் ஆகியிருக்கும். அடுத்த சில மாதத்தில் பத்து இடத்தில் ஊசித்துளை வரும்.

ஆசிட்டை வடித்து இரண்டு முறை வெறும் தண்ணீரால் அலசி, 10 லிட்டருக்கு 100 கிராம் சமையல் சோடா போட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நிரப்பும்போது பொங்கினால் ஆசிட் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். இன்னொரு தடவை அலசுங்கள்.

இதோடு நிறுத்தினால் வேலை பாதிதான். இன்ஜின் பிளாக்கின் அடியில், பெரும்பாலும் கடைசி சிலிண்டர் பக்கம், துருச்சேறு கட்டியாகப் படிந்திருக்கும். பிளாக்கில் தனியாக ஒரு டிரெயின் பிளக் உண்டு. அதைக் கழற்றி, கொக்கி போல வளைத்த கம்பியால் தோண்டி, தண்ணீர் தெளிவாக வரும்வரை பீய்ச்சுங்கள். இதை விட்டுவிட்டுப் புது ரேடியேட்டரே மாட்டினாலும், அந்தச் சேறு கிளம்பிவந்து அதன் டியூப்களை அடைக்கும்.

ரேடியேட்டரைக் கழற்றிய நிலையில் எதிர்த்திசை அலசல் இன்னும் நல்லது. கீழ் வாயில் தண்ணீர்க் குழாயைச் செருகி மேல் வாய் வழியாக வெளியேற்றுங்கள். நிரம்பிய பிறகு காற்றைச் சிறு சிறு தட்டலாக விடலாம், 10 பிஎஸ்ஐ-க்கு மேல் வேண்டாம். முடித்ததும், கீழ் வாயைக் கையால் மூடி முழுக்க நிரப்பி, சட்டென்று கையை எடுங்கள். வாய் நிறையத் தண்ணீர் கொட்ட வேண்டும். நூலாக வடிந்தால் டியூப்கள் அடைத்திருக்கின்றன. எவை என்று அறிய, மேலிருந்து சுடுதண்ணீரை ஊற்றிக் கோர் முழுதும் உள்ளங்கையால் தடவுங்கள். குளிர்ந்த பட்டைகள்தான் அடைபட்ட டியூப்கள்.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது

கழற்றும்போது ஃபேனுக்கும் கோருக்கும் இடையில் ஒரு அட்டையோ பிளைவுட்டோ வைத்துவிடுங்கள். ஃபேன் இறக்கை கோரைக் கீறுவது அந்தக் கடைசி நிமிடத்தில்தான். லாரி ரேடியேட்டரை இருவர் சேர்ந்து தூக்குங்கள்.

மேல், கீழ் வாய்களுக்குப் பழைய ஹோஸ் துண்டைச் செருகி, மறுமுனையில் மரக்கட்டையை வைத்துக் கிளிப்பால் இறுக்குங்கள். அழுத்தமில்லாத மூடி உள்ள பழைய டிராக்டரில் ஓவர்ஃப்ளோ குழாயையும் அடைக்க வேண்டும். சிலவற்றில் அது டேங்குக்குள்ளேயே போகும்; மறந்தால் காற்று நிற்கவே நிற்காது. கேஜ் உள்ள கைப்பம்பால் காற்றடியுங்கள். அழுத்தமில்லாத வகைக்கு 3 முதல் 5 பிஎஸ்ஐ. மற்றவற்றுக்கு மூடியில் பொறித்த அளவு, மிஞ்சினால் அதற்கு மேல் 2. கம்ப்ரஸரை ரெகுலேட்டர் இல்லாமல் நேராக இணைத்தால் டேங்க் பலூன் போல உப்பி, தையல் (டேங்கும் ஹெடர் தகடும் சேரும் பற்றவைப்பு) விட்டுவிடும்.

தொட்டித் தண்ணீரில் முழுக்க முக்குங்கள். முதல் இரண்டு நிமிடம் வரும் குமிழ்கள் ஃபின் இடுக்கில் சிக்கிய காற்று. அசைத்துக் கொடுத்து அவை தீர்ந்த பிறகு பாருங்கள். ஒரே இடத்திலிருந்து விடாமல் வருவதுதான் ஒழுகல். குமிழ் ஃபின் வழியே நழுவி வேறிடத்தில் வெளிவரும். ரேடியேட்டரைப் பல கோணத்தில் சாய்த்து மூலத்தைப் பிடியுங்கள். இடத்தைக் கம்பியால் கீறிக் குறியுங்கள். மெழுகுச் சாக்பீஸ் வேண்டாம், அந்த மெழுகின் மேல் ஈயம் ஒட்டாது.

அதிகமாக ஒழுகும் இடங்கள் நான்கு: டேங்க் தையலின் மூலைகள், ஓரத்து டியூப் ஹெடர் தகட்டில் நுழையும் இடம், ஹோஸ் வாயின் அடி, தாங்கும் பிராக்கெட் பற்றவைத்த இடம். எல்லாம் அதிர்வு வந்து சேரும் இடங்கள். நடுக் கோரில் ஒழுகினால் அநேகமாகக் கல்லோ ஃபேனோ பட்டிருக்கும், அல்லது பித்தளை அரித்திருக்கும்.

பற்றவைப்பது

வேண்டியவை: மென்மையான அகலச் சுடர் தரும் கேஸ் டார்ச், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ், சுரண்டி, எமெரித் தாள், ஜிங்க் குளோரைடு ஃப்ளக்ஸ், சால்டர் கம்பி, ஈரத்துணி. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஃப்ளக்ஸ் புகை நெஞ்சை அடைக்கும், திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள்.

ஃப்ளக்ஸைக் கலந்தே வாங்கலாம். கலக்குவதானால் எடையில் மூன்று பங்கு ஜிங்க் குளோரைடுக்கு ஒரு பங்கு நவச்சாரம், தண்ணீரில் கரைத்தது. ரேடியோ வேலைக்கான ரோசின் வைத்த சால்டர் இங்கே எடுபடாது. இந்தக் களிம்பை வெட்ட ரோசினுக்குத் திராணி இல்லை. சால்டரில் 60 பங்கு தகரம், 40 பங்கு ஈயம் என்றால் 183 டிகிரியில் உருகத் தொடங்கி 190-க்குள் தண்ணீராகிவிடும். டியூப் முனையைச் சுற்றி உறிஞ்சிப் போக அது நல்லது. தகரம் 40, ஈயம் 60 உள்ளது 183 முதல் 238 டிகிரி வரை களி போல இளகி நிற்கும். டேங்க் தையலின் இடைவெளியை நிரப்ப இதுதான் வசதி, ஓடி வழிந்துவிடாது.

ஈயம் சுத்தமான உலோகத்தில்தான் ஒட்டும். தோற்றுப்போகும் பற்றவைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால்தான் தோற்கின்றன. பெயிண்டைச் சுடரால் எரிக்காதீர்கள், கரி ஒட்டிக்கொள்ளும், சுரண்டி எடுங்கள். சாம்பல் நிறமான பழைய ஈயத்தையும் பச்சைக் களிம்பையும் தேய்த்து, பித்தளை புதுசாக மின்னும் வரை போங்கள். ஒழுகலைச் சுற்றிக் குறைந்தது 10 மி.மீ. அகலம்.

அடுத்தது ஈரம். கோருக்குள் தண்ணீர் இருந்தால் சூடேறும்போது ஆவி வெளியேற வழி தேடும். ஈயம் ஓடி, ஓட்டையை மூடி, மேற்பரப்பு கண்ணாடி போல் ஆகிற அந்தக் கணத்தில் நடுவில் ஒரு குமிழ் கிளம்பி டப்பென்று வெடிக்கும். அதே இடத்தில் மறுபடி ஊசித்துளை. எத்தனை முறை ஈயம் வைத்தாலும் இதேதான் நடக்கும். காற்றடித்து உலர்த்துங்கள், ஹோஸ் வாய்களின் அடைப்பைக் கழற்றிவிட்டுத்தான் சூடு காட்டுங்கள்.

வேலை செய்யும் இடம் படுக்கைமட்டமாக இருக்கும்படி ரேடியேட்டரைத் திருப்பி வையுங்கள். செங்குத்துப் பரப்பில் ஈயம் வைக்க அனுபவம் வேண்டும். பக்கத்து இணைப்புகள் மேல் ஈரத்துணி போர்த்துங்கள். ஃப்ளக்ஸைத் தடவி, சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே உலோகத்தைச் சூடாக்குங்கள். கம்பியைச் சுடரில் காட்டக் கூடாது, உலோகத்தில் தொட வேண்டும். உலோகச் சூட்டிலேயே உருகி, படர்ந்து, ஓரம் மெல்லியதாகத் தேய்ந்து ஓடினால் பிடித்துவிட்டது. முத்து முத்தாக உருண்டால் அழுக்கு அல்லது ஃப்ளக்ஸ் போதவில்லை. மேலும் ஈயம் கொட்டாதீர்கள், துடைத்துவிட்டு மறுபடி சுத்தம் செய்யுங்கள். ஈயம் மஞ்சளாகிப் பொடியாக ஆனால் சூடு மிஞ்சிவிட்டது. சுடரை எடுத்த பிறகு உறையும்வரை யாரும் ரேடியேட்டரைத் தொடக் கூடாது. உறையும்போது அசைந்த இணைப்பு மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். அது நாளைக்கே விடும்.

ஆறியதும் வெந்நீரில் சோடா கலந்து நன்றாகக் கழுவுங்கள். ஃப்ளக்ஸ் மிச்சமிருந்தால் அது அங்கேயே உட்கார்ந்து அரிக்கும்.

டேங்கில் விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் 2 அல்லது 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் பேட்ச்சைத் தாண்டியும் விரிசல் ஓடும். 0.5 முதல் 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டை எல்லாப் பக்கமும் 10 மி.மீ. கூடுதலாக, மூலைகளை உருட்டி வெட்டி, தகட்டுக்கும் டேங்குக்கும் தனித்தனியே ஈயம் பூசிய பின் ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்திச் சூடாக்குங்கள்.

நடுக் கோரில் டியூப் ஒழுகினால் இரண்டு மூன்று ஃபின்களை ஒதுக்கி எட்ட முடிந்தால் பற்றவைக்கலாம். எட்டாவிட்டால் டேங்கைக் கழற்றி அந்த டியூபின் இரு முனையையும் ஈயத்தால் மூடிவிடுவார்கள். இருபதில் ஒரு டியூப் வரை இப்படி மூடினால் சூட்டில் வித்தியாசம் தெரியாது. பத்தில் ஒன்றைத் தாண்டினால் சுமையில் தெரியும்.

எபாக்ஸி, ஒழுகல் அடைக்கும் பொடி இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க இரண்டும் உதவும். நிரந்தரத்துக்கு ஆகாது. பொடி ஓட்டையை மட்டும் அல்ல, பாதி அடைத்திருந்த டியூப்களையும் அடைக்கும். எபாக்ஸி பூசிய இடத்தைப் பிறகு பற்றவைக்க வருபவர் அதை எடுப்பதற்குள் படாத பாடு படுவார்.

டேங்கைக் கழற்றிக் கம்பி போடுவது

கழுவியும் தீராத அடைப்புக்கு மட்டும். முதல் தடவை இதைச் செய்பவர், வீணானாலும் பரவாயில்லை என்ற பழைய ரேடியேட்டரில் ஒருமுறை பழகிவிட்டு வருவது நல்லது.

1. டேங்க் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறியிட்டு, பக்கத் தாங்கு பட்டைகளை முதலில் விடுவியுங்கள்.
2. தையல் நெடுகச் சுடரை டேங்க் ஓரத்தை நோக்கிக் காட்டுங்கள், டியூப் பக்கம் போகாமல். இளகிய ஈயத்தைக் கம்பி பிரஷால் தள்ளிக்கொண்டே ஒரு கை நீளமாக முன்னேறுங்கள்.
3. முழுதும் இளகிய பிறகு ஒரு மூலையில் மெல்லிய கருவியால் தூக்குங்கள். ஆறிய தையலை நெம்பினால் ஹெடர் தகடு வளையும், வளைந்தால் எல்லா டியூப் முனையும் விடும்.
4. டியூபின் உள்வாயை அளந்து, அதைவிட மெல்லிய தட்டை ஸ்டீல் பட்டையை எடுத்து, ஓரங்களைத் தேய்த்து மழுக்குங்கள். பல் தேய்த்த பழைய ரம்பப் பட்டை சில டியூபுக்குச் சரியாக இருக்கும்.
5. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, விரலளவு விரலளவாக முன்னும் பின்னும் நகர்த்தி இறக்குங்கள். நின்றால் தட்டாதீர்கள், எதிர் முனையிலிருந்து முயலுங்கள். அப்போதும் போகாத டியூபை விட்டுவிடுவது, கிழித்துவிடுவதைவிட மேல்.
6. எல்லா டியூப் முனைகளையும் இப்போதே பார்த்து, சந்தேகமானதற்கு ஈயம் தொட்டு, தையல் இரு பக்கமும் சுத்தம் செய்து ஈயம் பூசி, டேங்கை உட்கார்த்தி, நான்கு மூலையைப் பிடிக்கவைத்த பின் சுற்றிலும் நிரப்புங்கள்.

மறுபடி தொட்டியில் முக்கிப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். தேய்த்த தூசியிலும் வடித்த ஆசிட்டிலும் ஈயம் இருக்கிறது. தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், கழிவுநீரை மண்ணிலோ கால்நடை குடிக்கும் இடத்திலோ ஊற்றாதீர்கள்.

கோருக்குக் கறுப்புப் பெயிண்ட் மெல்லியதாக ஒரே பூச்சு. கெட்டியான எனாமல் இரண்டு பூச்சு கொடுத்தால் ஃபின்னுக்குப் போர்வை போர்த்தியது போலாகிவிடும்.

மாட்டுவதும் நிரப்புவதும்

அடியில் ரப்பர் மெத்தை, சில லாரிகளில் ஸ்பிரிங், இருந்தபடியே திரும்பப் போடுங்கள். சேஸிஸ் முறுக்கும்போது ரேடியேட்டர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அவை. மெத்தையில்லாமல் போல்ட்டை இறுக்கினால் மூலைத் தையல் மறுபடி விடும். ஃபேனுக்கும் கோருக்கும் குறைந்தது 15 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஷ்ரவுட்டைக் கழற்றியிருந்தால் கட்டாயம் திரும்ப மாட்டுங்கள். இறக்கையின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அதற்குள் இருக்க வேண்டும். கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இருந்திருந்தால் அதையும் போடுங்கள். அது பம்பின் இழுப்புப் பக்கம், ஸ்பிரிங் இல்லாவிட்டால் வேகத்தில் ஹோஸ் ஒட்டிக்கொண்டு தண்ணீர் நின்றுபோகும். நின்ற நிலையில் பார்த்தால் இது தெரியாது, ரேஸ் செய்து பார்க்க வேண்டும்.

கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றினால் இத்தனை வேலையும் திரும்ப வரும். காய்ச்சி வடித்த தண்ணீர் போதும், ஆனால் தனியாக அல்ல. துருத் தடுப்பு இல்லாத சுத்தமான தண்ணீரும் வார்ப்பிரும்பைத் துருவாக்கும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, சாதாரண அழுத்தத்தில் சுமார் 108 டிகிரியில்தான் கொதிக்கும். கூலன்ட்டை மட்டும் ஊற்றக் கூடாது, அது தண்ணீர் அளவுக்குச் சூட்டைத் தூக்காது. வாங்கும்போது செம்பு, பித்தளை, சால்டர் மூன்றுக்கும் பாதுகாப்பு என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். அலுமினியத்துக்கென்று செய்த சில வகைகள் சால்டரை அரித்து, வெள்ளைப் பொடி டியூப் வாயில் பூத்து அடைக்கும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். குழந்தையும் நாயும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

ஹீட்டர் வால்வு இருந்தால் திறந்துவைத்து, மெதுவாக நிரப்பி, மூடியில்லாமல் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டுங்கள். திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும், தண்ணீர் மட்டம் இறங்கும். ஊற்றி நிரப்பி மூடுங்கள். ஆறியபின் மறுபடி பாருங்கள், ஹோஸ் கிளிப்களை இன்னொரு சுற்று இறுக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் மட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்குவது உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால். மூன்றாம் நாளும் இறங்கி, அடியில் சொட்டு இல்லை, கோரில் ஈரம் இல்லை என்றால், டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் பால்நிறமாகி இருக்கிறதா என்று பாருங்கள்.